மலையேறும் காரில் கண்ணாடி மங்குவது ஏன், ஈரத்தை எங்கே தேடுவது

கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் சாரதிகள் பலர், புசல்லாவையைத் தாண்டியதும் "குளிர் வந்துவிட்டது, இனி எதற்கு ஏ.சி." என்று அதை அணைத்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முன்கண்ணாடி பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடுகிறது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று சாரதி துடைக்கத் துடைக்க, துடைத்த இடமே மீண்டும் மங்குகிறது. அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு பஸ் இறங்கி வந்தால், அதன் விளக்கொளி ஈரக் கண்ணாடியில் சிதறிக் கண்ணை மறைத்துவிடும். பின் ஆசனத்தில் பயணியாக இருந்தும் இதைப் பார்த்திருக்கிறேன், சாரதி ஆசனத்தில் இருந்தும் அனுபவித்திருக்கிறேன். பள்ளத்தாக்கின் ஓரத்தில் வாகனம் ஓட்டுகிற நாம் இதை மழைக்காலத் தொல்லை என்று பொறுத்துக்கொண்டு போவது சரியன்று. இதற்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் செலவில்லாமலே தீர்க்கவும் முடியும்.

காரின் ஏ.சி. குளிரூட்டும் கருவி மட்டுமன்று, காற்றை உலர்த்தும் கருவியும் ஆகும். கொழும்பில் அதன் முதல் வேலை குளிரூட்டுவது என்றால், மலைநாட்டில் அதன் முதல் வேலை உலர்த்துவதுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு முறைக்கும் உள்ள காரணம் தானாகவே விளங்கும்.

ஈரம் கண்ணாடிக்கு வருவது எப்படி

காற்று சூடாக இருக்கும்போது நிறைய நீராவியைத் தாங்கும், குளிரக் குளிர அதன் கொள்ளளவு குறையும். 20 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கக்கூடியது. அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும், மீதி நீராக வெளியேறும். அது வெளியேறும் இடம் வாகனத்தில் மிகக் குளிர்ந்திருக்கும் பரப்பு, அதாவது கண்ணாடி. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை பாகை குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும் காரின் உள்ளே கம்பளையின் வெதுவெதுப்பான காற்றும், வெளியே மலையின் குளிரும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடி ஒன்றுதான் நிற்கிறது. போதாததற்கு, சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரின் மூச்சும் தோலும் சேர்ந்து மணிக்கு 40 கிராம் அளவில் நீரைக் காற்றில் சேர்க்கின்றன. நான்கு பேர் ஏறி, கதவுகளை அடைத்து, நனைந்த குடைகளையும் காலடியில் போட்டுக்கொண்டால் கண்ணாடி மங்காமல் இருந்தால்தான் வியப்பு.

ஏ.சி. இதை எப்படிச் சரிசெய்கிறது என்பதற்கு, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மழை நாளில் வெளிக்காற்றை அப்படியே தட்டுகளுக்கு அடியில் ஊதினால் கொழுந்து வாடாது. அதனால்தான் சூட்டுக் காற்றைக் கலந்து ஊதுகிறார்கள். காரிலும் அதே கணக்குத்தான், ஆனால் ஒரு படி கூடுதலாக நடக்கிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருள் உறைநிலைக்குச் சில பாகைகள் மேலே நிற்கும். அதன் வழியாகப் போகும் காற்று தன் ஈரத்தை அந்தச் சுருளின் தகடுகளில் விட்டுவிட, அந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாக வாகனத்துக்கு அடியில் சொட்டிவிடும். உலர்ந்துபோன அந்தக் காற்றைப் பிறகு ஹீட்டர் சூடாக்குகிறது. இப்படி வரும் காற்று தாகத்தோடு வருவதால் கண்ணாடியில் ஒட்டிய ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். ஆகவே ஏ.சி.யும் ஹீட்டரும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணி, ஒன்றைப் போட்டால் மற்றதை அணைக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. மலைநாட்டில் இரண்டையும் சேர்த்தே இயக்க வேண்டும்.

உள்ளேயா, வெளியேயா?

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு விரலால் கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் பட்ட இடம் தெளிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. தெளியாமல், வைப்பர் ஒரு முறை ஓடியதும் தெளிந்தால் ஈரம் வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் கூடும்.

வெளிப்புறம் மங்குவது பெரும்பாலும் இறங்கும்போது நிகழும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும் ஒருவர், ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து அந்தக் காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பியிருந்தால், கண்ணாடி சில்லென்றாகி, கீழே உள்ள வெப்பக் காற்றின் ஈரம் அதன் வெளிப்பக்கத்தில் படியும். அப்போது வைப்பரை இரண்டு முறை ஓடவிட்டு, காற்றின் திசையைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலடிக்கோ மாற்றி, ஏ.சி.யின் வெப்பநிலையையும் இரண்டு மூன்று பாகை கூட்டினால் போதும். இது பழுது அன்று. இதற்காகக் கராஜுக்குப் போக வேண்டியதில்லை.

உட்புறம் மங்கினால் செய்ய வேண்டியது

முன்கண்ணாடிக்கான பொத்தானை அழுத்துங்கள். விசிறி வடிவக் கண்ணாடிப் படத்தின் மேல் நெளிந்த மூன்று அம்புகள் இருப்பது முன்கண்ணாடிக்குரியது. செவ்வகப் படம் பின்கண்ணாடிக்குரியது. ஜப்பானிலிருந்து நேரடியாக வந்த வாகனங்களில் எழுத்துகள் விளங்காவிட்டாலும் இந்தப் படங்கள் மாறுவதில்லை. அந்தப் பொத்தான் இல்லாத பழைய வாகனமென்றால், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஏ.சி.யைப் போட்டு, வெப்பநிலையைச் சூடான பக்கம் நகர்த்தி, காற்றை ஊதும் புளோவரை மூன்றாம் நான்காம் வேகத்தில் வையுங்கள்.

அடுத்ததாக, உட்காற்றையே சுழலவிடும் பொத்தானைக் கவனிக்க வேண்டும். காரின் படத்துக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி உள்ள அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால், நான்கு பேரின் மூச்சு வெளியேற வழியின்றித் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். புகை கக்கும் லொறிக்குப் பின்னால் போகும்போது அதை அழுத்திவிட்டுப் பிறகு மறந்துவிடுவது நம்மில் அநேகருக்கு வழக்கம். அதை நீக்கி வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். வெளியே மூடுபனி இருக்கும்போது ஈரமான காற்றை உள்ளே விடுவதா என்ற ஐயம் எழலாம். 12 பாகையில் இருக்கும் மூடுபனிக் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் அதன் மொத்த நீர் குறைவுதான். அதைக் குளிர்ச்சுருளில் வடித்து, 25 பாகைக்குச் சூடாக்கினால் அது உலர்ந்த காற்றாகிவிடும். பின் ஆசனத்து ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவைத்தால், ஈரக்காற்று வெளியேறுவதற்கு அதுவும் உதவும்.

இனிச் சொல்லப்போவது மலைப்பாதையில் மிக ஆபத்தானது. இதை அறியாதவர்களே அதிகம். ஏ.சி. நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தால் குளிர்ச்சுருளின் தகடுகள் முழுவதும் நீர் ஒட்டியிருக்கும். அந்த வேளையில் ஏ.சி.யை மட்டும் அணைத்துவிட்டுப் புளோவரை ஓடவிட்டால், சுருள் சூடேறி, ஒட்டியிருந்த நீரெல்லாம் ஆவியாகிக் கண்ணாடியில் போய் மோதும். அரை நிமிடத்துக்குள் முன்கண்ணாடி முழுவதும் மறைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே ஏற்றத்திலோ வளைவிலோ ஏ.சி.யை அணைக்காதீர்கள். பெற்றோல் மிச்சப்படுத்த நினைத்தால், நேரான, அகலமான இடம் வந்த பிறகு, ஜன்னலைச் சற்று இறக்கிக்கொண்டு அணையுங்கள். வாகனம் நின்றவுடன் இயந்திரமும் தானே நின்றுவிடும் வசதியுள்ள கார்களில், பாதை வேலைக்காக ஒரு பக்கத்து வாகனங்களை நிறுத்திவைக்கும் இடங்களில் இதே தொல்லை வரும். அந்த வசதியை அணைப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். மழை நாளில் அதை முதலிலேயே அழுத்திவிடுவது நல்லது. ஹைபிரிட் வாகனங்களில் நீண்ட இறக்கத்தில் இயந்திரம் ஓடாமல் இருப்பதால் இயந்திரத்தின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் திரவமான கூலன்ட் ஆறிவிடும். சூடு கேட்கும்போது இயந்திரம் தானாக இயங்கத் தொடங்குவதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்வெளியில் உறைபனி படியும் காலைகளில், சில வாகனங்களில் ஏ.சி.யை இயக்கும் கொம்பிரசர் வெளிக்குளிரை உணர்ந்து இயங்க மறுக்கும். அப்போது ஹீட்டரையும் வெளிக்காற்றையும் நம்பி, இயந்திரம் சூடேறும்வரை புறப்படாமல் இருங்கள். கண்ணாடிக்கு வெளியே பனி ஒட்டியிருக்கிறது என்று கேத்தலில் சுடுநீர் கொண்டுவந்து ஊற்றாதீர்கள். முன்கண்ணாடி விரிசல் விடுவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

இத்தனையும் செய்தும் தீரவில்லையா

மேலே சொன்னவற்றைச் செய்தால் ஒழுங்காக உள்ள வாகனத்தில் இரண்டு மூன்று நிமிடங்களில் கண்ணாடி தெளிந்துவிடும். தெளியாவிட்டால், அல்லது நிறுத்திவைத்த வாகனத்தின் கண்ணாடிகள் காலையில் உட்புறம் நனைந்திருந்தால், வாகனத்துக்குள் எங்கோ நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். அதைத் தேடாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

என் அக்காவின் மகன் ஹட்டனில் பாடசாலை வேன் ஓட்டுகிறான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், "மாமா, ஏ.சி.யில கேஸ் இல்லைன்னு ரெண்டாவது தடவையும் அடிச்சிட்டாங்க, ஆனா கண்ணாடி அப்படியேதான் இருக்கு" என்றான். அவன் போன கராஜில் வேறு எதையும் பார்க்கவில்லை என்பது கேட்டவுடனே தெரிந்தது. ஏ.சி. கேஸ் பெற்றோலைப்போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. அடைத்த குழாய்களுக்குள் சுற்றிவரும் அது குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பானது. அவனுடைய வேனில் கேஸ் சரியாகவே இருந்தது. முன் பயணியின் காலடியில் விரிப்பைத் தூக்கி, நான்காக மடித்த டிஷ்யூ தாளை வைத்து முழங்காலால் அழுத்தினேன். தாள் சொட்டச் சொட்ட நனைந்தது. குனிந்து வாகனத்துக்கு அடியில் பார்த்தால் ஏ.சி. நீர் சொட்டும் ரப்பர்க் குழாய் முனை காய்ந்துபோய்க் கிடந்தது. முனையை விரலால் பிசைந்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மெதுவாகச் செலுத்தியபோது, முதலில் குளவி கட்டிய மண்கூட்டின் துண்டு ஒன்றும் சைப்பிரஸ் இலைகளும் விழுந்தன. தொடர்ந்து சாயத் தேநீர் நிறத்தில் ஒரு லீற்றருக்குக் குறையாத நீர் என் சட்டைக் கையை நனைத்துக்கொண்டு கொட்டியது. பிள்ளைகளின் மழைக்கோட்டுகளிலிருந்து வருகிறது என்று அவன் எண்ணிக்கொண்டிருந்த புளித்த வாடை அந்த நீரில்தான் இருந்தது.

இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். வெப்பமான, ஈரமான இடத்தில், உதாரணமாகக் கம்பளையிலோ கண்டியிலோ, ஏ.சி.யை 15 நிமிடங்கள் ஓடவிட்டு வாகனத்துக்கு அடியில் பாருங்கள். தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. நுவரெலியாவின் குளிர்ந்த இரவில் இதே சோதனையைச் செய்து நீர் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தக் காற்றில் வடிக்க நீர் குறைவு. குழாயைச் சுத்தம் செய்யும்போது வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். கம்பியால் குத்தக் கூடாது, ஏனெனில் குழாய்க்கு அப்பால் இருப்பது மென்மையான அலுமினியச் சுருள். டயருக்குக் காற்று அடிக்கும் அழுத்தத்தை அப்படியே செலுத்தினால் குழாய் உள்ளே கழன்றுவிடக்கூடும்.

குழாய் சரியாக இருந்தும் விரிப்பு நனைந்தால் மழைநீரைச் சந்தேகியுங்கள். வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியின் கீழ் யூக்கலிப்டஸ் இலைகள் சேர்ந்து அழுகினால், நீர் வடியும் துளைகள் அடைபட்டு, வெளிக்காற்று நுழையும் வழியாகவே மழைநீரும் உள்ளே வரும். மர நிழலில் வாகனம் நிறுத்துபவர்கள் மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து கையால் அள்ளிவிட வேண்டும். கதவை அடைக்கும்போது உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்டால் கதவின் அடிப்பகுதித் துளைகளில் சேறு அடைத்திருக்கிறது. கதவில் ஸ்பீக்கர் பூட்டியவர்கள் உட்புறத்துப் பொலித்தீன் உறையைக் கிழித்துவிட்டுப் போனாலும் நீர் உள்ளே இறங்கும். வழி தெரியாவிட்டால், ஒருவர் உள்ளே டோர்ச் விளக்குடன் அமர, மற்றவர் ஹோஸ் குழாயால் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே நீர் ஊற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த வழியால் வந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

கண்ணாடியில் படிவது தொட்டால் பிசுபிசுப்பாகவும், உள்ளே இனிப்பான வாடையாகவும் இருந்தால் அது மழைநீரும் அன்று, மூச்சின் ஈரமும் அன்று. ஹீட்டர்ச் சுருள் கசிந்து கூலன்ட் ஆவி வருகிறது. இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு கூலன்டின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நீண்ட பயணத்தைத் தள்ளிவைத்து உடனே கராஜில் காட்டுங்கள், ஏனெனில் ஏற்றத்தில் கூலன்ட் தீர்ந்தால் இயந்திரமே கெட்டுவிடும்.

புளோவர் இரைந்தும் காற்று பலவீனமாக வந்தால், டாஷ்போர்ட்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ள காற்று வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். சில சிறிய கார்களில் அது இருக்காது. கருத்துப்போன வடிகட்டியைத் தட்டி மீண்டும் போடுவதைவிட மாற்றிவிடுவதே மேல்.

நனைந்த விரிப்பைக் காயவைப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் விரிப்புக்கு அடியில், விரல் தடிப்புள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கதவோரப் பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றி, விரிப்பை உயர்த்தி, இடையில் மரக்கட்டை கொடுத்துக் காற்று புகும்படி வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் வட்டவளை, ஹட்டன் பக்கம் வெயிலை எதிர்பார்க்க முடியாது. அந்த மாதங்களில் மலையின் மறுபக்கமான வெலிமடை, பண்டாரவளையில் காய்ந்த காற்று வீசும். அங்கே உறவினர் வீடு இருந்தால் இரண்டு நாள் வாகனத்தை அவர்கள் முற்றத்தில் கதவு திறந்து விட்டுவைப்பது, எந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும்விட நன்றாக வேலை செய்யும். கழுவிய கரட், லீக்ஸ் மூட்டைகளை ஏற்றுபவர்கள் அடியில் ரெஜிபோம் தட்டோ தடித்த பொலித்தீனோ விரித்து, இறக்கியதும் அதை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

கண்ணாடியின் உட்புறத்தையும் மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் டாஷ்போர்டில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டும் வாகனங்களில் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்து, அதில் ஈரம் விரைவாகப் பிடித்துக்கொள்ளும். பத்தியை வாகனத்துக்கு வெளியே ஏற்றிக் காட்டலாம். படலத்தை நீக்க, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, சுத்தமான நீரால் மீண்டும் துடைத்து, காய்ந்த துணியால் தேய்த்துவிடுங்கள். கையால் துடைக்கும் ஒவ்வொரு முறையும் தோலின் எண்ணெய் அங்கே ஒட்டுகிறது. பின்கண்ணாடியின் உட்புறத்துக் கோடுகள் சூடேற்றும் இழைகள் என்பதால், அவற்றைக் கோடுகளின் திசையிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, மழையில்லாத ஓர் இரவில் ஈரமான பொருள் எதுவும் உள்ளே இல்லாமல் வாகனத்தைப் பூட்டிவைத்து, விடிந்ததும் கதவைத் திறப்பதற்கு முன் கண்ணாடிகளைப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி இருந்தால் இன்னும் எங்கோ நீர் நிற்கிறது, காலடியிலிருந்து மீண்டும் தேட வேண்டும். மருமகனின் வேனில் இந்தச் சோதனையை மூன்று முறை செய்தோம். முதல் இரண்டு விடியலிலும் கண்ணாடி நனைந்தே இருந்தது. பின் ஆசனத்துக்கு அடியில் இருந்த பஞ்சையும் எடுத்துக் காயவைத்த பிறகே, மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி துளிகூட இல்லாமல் காய்ந்திருந்தது.